பெட்டிக்குள் மீன் ஐஸ்

தடுப்பூசிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்க வேண்டும்? மருந்துக் குப்பிகள். சுற்றிலும் ஐஸ் பேக். அவ்வளவுதான்.

போன புதன்கிழமை எங்கள் ஊர் அங்கன்வாடியில் என் மைனி அந்தப் பெட்டியைத் திறந்தார். உள்ளே நொறுக்கிய ஐஸ்! குப்பிகளை மூடிக்கொண்டு, பொடிப்பொடியாக, மேலே கல்லுப்பு தூவி... லேசாக மத்தி மீன் வாசனை வேறு.

சுற்றிலும் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள். மைனி பெட்டியைப் பார்த்தார். நான் மைனியைப் பார்த்தேன். அப்புறம் இரண்டு பேருக்கும் ஒரே ஆள் ஞாபகம் வந்தது. என் அண்ணன்!

கதையை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். வாசலில் நின்று போன் பேசினால் கேரளா டவர். பேசிக்கொண்டே கொல்லைப்பக்கம் நடந்தால் ‘தமிழ்நாடு உங்களை வரவேற்கிறது’ என்று மெசேஜ் வரும். இந்தப் பக்கம் அண்ணன் மனைவியை மைனி என்போம். என் மைனி பெயர் லில்லி. சர்க்கார் நர்ஸ். வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைக் கணக்கெடுத்து, புதன்கிழமைதோறும் தடுப்பூசி போடுகிற வேலை. அண்ணன் தங்கராஜ் ஜங்ஷனில் மீன் கடை வைத்திருக்கிறான். மைனி வீட்டில் பேசும் குரலுக்கும் அண்ணன் கடையில் கூவும் குரலுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நான் அடுத்த வீடு. அதனால் எனக்கு ரேடியோ தேவைப்பட்டதில்லை.

சில வாரங்களுக்கு முன்னால் மைனிக்கு நெய்யாற்றின்கரையில் டிரெய்னிங். எதற்கு? தடுப்பூசி போடுவதற்கு! மைனி சர்வீஸில் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. இப்போது என் மகள் காலேஜ் போகிறாள். இன்னமும் கிளாஸா?

அண்ணன் விடுவானா?

“இன்னுமா படிச்சுத் தீரல்ல? ஊசியில எந்தப் பக்கம் கூருண்ணு சொல்லித் தருவாவளோ?”

“மீனு எப்பவும் ஒரே மீனாக்கும். மருந்து அப்பிடியில்ல. அது மாறும், முறை மாறும். நாமளும் கூட மாறாண்டாமா?” என்று மைனி பஸ் ஏறிவிட்டார்.

மைனி எந்த டிரெய்னிங் போனாலும் திரும்பி வந்து எங்களுக்கு ஒரு டிரெய்னிங் நடத்துவார். அங்கே மலையாளத்தில் கேட்டதை இங்கே தமிழில். அதுவும் சமையலறையில். இந்த முறை ஃப்ரீசரிலிருந்து ஐஸ் பேக்கை எடுத்து அடுப்படித் திண்டில் வைத்தார். அது வியர்க்க வேண்டுமாம். வியர்த்த பிறகு காதோரம் வைத்துக் குலுக்க வேண்டுமாம். உள்ளே தண்ணீர் ஆடுகிற சத்தம் கேட்டால்தான் மருந்துப் பெட்டிக்குள் வைக்கலாம்.

“ஏன் மைனி, நல்லா கட்டியா இருந்தா இன்னும் நல்லதுதானே?”

“அதாக்கும் எல்லாரும் நெனைக்கிறது. சில மருந்துக்கு வெயிலைவிடக் குளிருதான் எமன். ஒரு தடவை உறைஞ்சு போனா தீந்துது. பெறகு உருகினாலும் அது மருந்தில்ல.”

“இது உங்களுக்கு முன்னமே தெரியாதா?”

“தெரியும்.”

“பின்னே எதுக்கு நாள் முழுக்க உக்காந்து கேட்டீங்க?”

“தெரியும் தெரியும்ணு நெனச்சு நெனச்சு, கை அதுபாட்டுக்குப் போகும் பிள்ளே. எடைக்கெடைக்கு ஒருத்தர் பிடிச்சு நிறுத்தணும்.”

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. நான் எத்தனையோ வருடமாகப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறேன். என்னை யார் பிடித்து நிறுத்துகிறார்கள்? டிரைவிங் லைசென்ஸ் வாங்கிய பிறகு நம்மில் எத்தனை பேர் ரோடு விதிகளை இன்னொரு முறை படித்திருக்கிறோம்? கல்யாணம் ஆனவர்களைக் கேட்கவே வேண்டாம்...

டிரெய்னிங்கின் இரண்டாவது பாதி, பேச்சு. ஊசி என்றால் பயப்படுகிற தாய்மாரிடம் எப்படிப் பேசுவது? மைனி என்னைத் தாயாக உட்காரவைத்துப் பழகிப் பார்த்தார். நானும் விட்டுக்கொடுக்காமல் பயந்தேன். “காய்ச்சல் வருமே சிஸ்டரே?” “அழுமே சிஸ்டரே?” “பக்கத்து வீட்டுக்காரி வேண்டாம்ணு சொல்லுதாளே சிஸ்டரே?” மூன்றாவது கேள்விக்கே மைனிக்கு முகம் சிவந்துவிட்டது.

“பேசாம பிள்ளையைக் காட்டு! அவ பேச்சைக் கேட்டுட்டு வந்திருக்கா...”

“மைனி, இப்பிடியா சொல்லித் தந்தாவ?”

அவரே சிரித்துவிட்டார். பொறுமையாகக் கேட்கணும், மழுப்பக் கூடாது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லணும். அதுதான் பாடமாம். இதில் கடைசியில் சொன்னது மைனிக்கு ஆகாத காரியம் என்று எனக்குத் தெரியும். அமெரிக்காவில் இப்போது மணி என்ன என்று கேட்டுப் பாருங்கள். கண் இமைப்பதற்குள் ஒரு பதில் வரும். சரியா தப்பா என்பது அமெரிக்காவின் பாடு.

இந்தக் கிளாஸ் நடந்தபோது அண்ணன் பக்கத்தில்தான் சோறு தின்றுகொண்டிருந்தான். எவ்வளவு கேட்டானோ தெரியாது. ‘ஐஸ்’, ‘பெட்டி’ என்ற இரண்டு சொல் மட்டும் அவன் காதில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இனி ஷைனியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு மேட்டில் வீடு. புருஷன் கல்ஃபில். ஷைனி வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறாள். நல்ல விவரமான பெண். ஆனால் ஊசி என்றால் கேட்டைத் திறக்க மாட்டாள். காரணம் இருந்தது. மூத்த பையன் குழந்தையாக இருந்தபோது, வேறெங்கோ ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்து, சீழ் வைத்து, கடைசியில் கீறி எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதோடு அவனுக்கு ஊசியை நிறுத்தினாள். இப்போது இளையவள், பெண் குழந்தை. பிறந்தபோது ஆஸ்பத்திரியில் போட்டதோடு சரி. அதற்குப் பிறகு போட வேண்டியது எல்லாம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் எல்லாம் ஷைனி சம்மதிக்கும்வரை காத்திருக்குமா?

மைனி எத்தனையோ தடவை அந்த மேடு ஏறினார். முதலில் நாய் மட்டும்தான் பேசியது. அப்புறம் ஷைனி ஜன்னல் வழியாகப் பேசினாள். பிறகு திண்ணமாக “வேண்டாம் சிஸ்டரே” என்று வாசலில் நின்று சொன்னாள். அதுவே பெரிய முன்னேற்றம் என்று மைனி சந்தோஷப்பட்டார்! கடைசியாக, போன செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

“நாளைக்கு வாறேன். ஆனா நீங்க வந்து கூட்டிட்டுப் போணும். தனியா வந்தா பாதி வழியில திரும்பிருவேன்.”

புதன்கிழமை காலையில் மைனி வழக்கமாகப் போகிற ஆட்டோ வரவில்லை. என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். ஆரோக்கிய கேந்திரம் என்கிற சுகாதார நிலையத்தில் பெட்டியை வாங்கினோம். ஐஸ் பேக்கை மைனி காதில் வைத்துக் குலுக்கிக் கேட்டுத்தான் அடுக்கினார், நானே பார்த்தேன். ஜங்ஷன் வந்ததும் ஷைனி வீட்டுக்குப் போகிற வழி. ஸ்கூட்டர் ஏறாது. பெட்டியோடு மேடு ஏற வேண்டுமா? எதிரேதான் அண்ணன் கடை, தார்ப்பாய் நிழல்.

“இதை வெயிலு படாம பாத்துக்கிடுங்க. இப்ப வந்துருவோம்” என்று மைனி பெட்டியை வைத்துவிட்டு ஏறினார். குழந்தையின் பையைத் தூக்க ஆள் வேண்டுமே என்று நானும் கூடப் போனேன்.

ஷைனி தயாராக இருந்தாள். முகம்தான் தயாராக இல்லை. குழந்தையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எங்களோடு இறங்கி வந்தாள். ஜங்ஷனில் ஒரு ஆட்டோ பிடித்து அவளை ஏற்றினோம். அண்ணன் பெட்டியை எடுத்து என் கையில் தந்தான். முகத்தில் ஒரு தனிச் சிரிப்பு. பெட்டி கொஞ்சம் கனத்தது. எனக்கு வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் அங்கன்வாடி. அப்புறம்தான் மத்தி வாசனை.

மைனி போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட வேண்டிய அவசியமே இல்லை, அண்ணன் குரல் அப்படி.

“பெட்டியைத் திறந்தீங்களா?”

“பின்னே! திறந்து பாத்தா ஐஸே காணல்ல. ஓரத்துல நாலு பாக்கெட்டு, அதுவும் உருகித் தண்ணியாட்டு கெடக்கு. இந்த வெயிலுக்கு அது போதுமா? புதுக் கட்டியை உடைச்சு நல்லா நெறச்சேன். உருகாம இருக்க உப்பும் போட்டிருக்கு. சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் ஆகாது, பேடிக்க வேண்டாம்!”

“ஆருகிட்ட கேட்டு...”

“போலியோ சொட்டு மருந்து ஐஸுலதானே கொண்டு வருவாவ? நான் பாத்திருக்கேனே!”

“அது வேற. இது வேற” என்று சொல்லி மைனி போனை வைத்தார். சத்தமே போடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அண்ணனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் தொழிலில் குளிர்தான் தெய்வம். ஐஸில் உப்பைப் போட்டால் குளிர் இன்னும் ஏறும், மீன் விறைத்து நிற்கும். அவன் பெண்டாட்டியின் மருந்துக்கு அவன் தன் கடையிலேயே உயர்ந்த மரியாதையைச் செய்திருக்கிறான். வஞ்சிர மீனுக்குக்கூட அவ்வளவு உப்பு போடமாட்டான்!

‘ஆஷா’ சுகாதாரத் தொண்டராக வேலை பார்க்கிற சுஜாதா மைனியின் பக்கத்தில் வந்து குனிந்தாள். ஷைனி பின்வரிசையில் இருந்தாள்.

“சிஸ்டரே, ஐஸைக் கொட்டீட்டு குப்பியைத் தொடைச்சா போராதா? கொஞ்ச நேரந்தானே ஆச்சு? இண்ணைக்கு விட்டா அவ இனி இந்தப் பக்கம் வரமாட்டா.”

சுஜாதா கெட்டவள் இல்லை. அவளும் அந்த மேட்டில் ஏறி இறங்கிக் கால் வலித்தவள்தான். அவள் கேட்டது எல்லோருக்கும் தோன்றுகிற கேள்வி. போட்டால் யாருக்குத் தெரியும்? குழந்தை அழும், தாய் பால் கொடுப்பாள், எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள்.

மைனி ஒரு குப்பியை எடுத்துத் துடைத்தார். குலுக்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். நல்ல மருந்து குலுக்கினால் கஞ்சித்தண்ணி போல ஒரே சீராகக் கலங்கி நிற்குமாம். இதில் சின்னச் சின்னத் திப்பியாக என்னவோ மெல்லக் கீழே இறங்கியது. மைனி அதைத் தனியாக ஒதுக்கி வைத்தார். இன்னொன்றைப் பார்க்கவும் இல்லை. பெட்டியை மூடினார். எழுந்து நின்றார்.

முதலில் மலையாளத்தில் சொன்னார். பிறகு தமிழில்.

“எல்லாரும் கேளுங்க. இந்தப் பெட்டியில இருக்க மருந்து கெட்டுப் போச்சுண்ணு எனக்குத் தோணுது. உறைஞ்சிருக்கு. வழியில பெட்டியை விட்டுட்டுப் போனது நானாக்கும். எனக்க தப்பு. இதை நான் ஒரு பிள்ளைக்கும் போடமாட்டேன். வேற பெட்டி வரவைக்குதேன். நேரம் ஆகும். இருக்க முடிஞ்சவிய இருங்க. போறவிய போங்க, அடுத்த தடவை நான் கூப்பிடுதேன்.”

‘எனக்க தப்பு.’ கவனித்தீர்களா? மீன்காரன் பெயர் வரவே இல்லை.

பின்வரிசையில் ஷைனி எழுந்துவிட்டாள். குழந்தையின் துணியை இழுத்து மூடினாள். சுஜாதா என்னைப் பார்த்தாள். ‘போச்சு’ என்று நானும் நினைத்தேன். ஆனால் அவள் கதவுப் பக்கம் போகவில்லை. நேராக மைனியிடம் வந்தாள்.

“இதைப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?”

“குத்துற வலி இருக்கும். ஆனா நோய் வந்தா தடுக்காது. வெறும் குத்தாக்கும். சிலசமயம் போட்ட எடத்துல வீங்கவும் செய்யும்.”

ஷைனி குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். பிறகு கேட்டாள்.

“எனக்க மூத்தவனுக்குக் கட்டி வந்ததே... அதுவும் இப்பிடி உறைஞ்ச மருந்தாலயா?”

இத்தனை வருடமாக அவள் யார் யாரிடமோ கேட்ட கேள்வி அது. கேட்ட இடமெல்லாம் “அது ஒண்ணுமில்ல, எல்லாப் பிள்ளையளுக்கும் வரும்” என்று அனுப்பியிருக்கிறார்கள். மைனி வாயைத் திறந்தார். மூடினார். உடனே பதில் சொல்லிப் பழகிய வாய் அது, அதை அடக்க அவர் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

“தெரியல்ல மக்கா. அப்பிடியும் இருக்கலாம். ஊசி போட்டவங்க கை சுத்தமில்லாம இருந்திருக்கலாம். வேற எதாவதும் இருக்கலாம். நான் அங்க இல்ல. தெரியாததைத் தெரியும்ணு உங்கிட்ட சொல்லமாட்டேன். ஆனா உனக்க பிள்ளைக்கு நொந்துது. அது ஒண்ணுமில்லாத காரியம் இல்ல.”

என் மைனி ‘தெரியல்ல’ என்று சொல்லி நான் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஷைனி பின்வரிசைக்குத் திரும்பிப் போகவில்லை. முன்னால் கிடந்த குட்டி நாற்காலியில், அங்கன்வாடிப் பிள்ளைகள் உட்காருகிற அந்தச் சிவப்பு நாற்காலியில், குழந்தையோடு உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். எனக்கு அழுகை வந்தது, சொல்வதற்கென்ன?

மைனி டாக்டரைக் கூப்பிட்டு நடந்ததை அப்படியே சொன்னார். “ஐஸ் போட்டது யார்?” என்று அவர் கேட்டிருக்க வேண்டும். “அந்த ஆளை நான் வீட்டுல வச்சு கவனிச்சுக்கிடுதேன் சார்” என்றார் மைனி. தாய்மார்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ஊரில் யாருக்குத் தெரியாது, லில்லி சிஸ்டர் வீட்டில் ஐஸ் எங்கிருந்து வரும் என்று!

காத்திருந்த நேரத்தில் அங்கன்வாடி டீச்சர் எல்லோருக்கும் பாலில்லாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் கேட்டுக்கு வெளியே அண்ணனின் பைக். கடையை யாரிடமோ விட்டுவிட்டு வந்திருக்கிறான். உள்ளே வரத் தைரியமில்லை. தலையை மட்டும் நீட்டினான்.

“நல்லதுக்குத்தானே செஞ்சேன்...”

“நல்லதுக்குத்தான். இல்லேண்ணு ஆரு சொன்னா?” என்றார் மைனி. “வாங்க. வந்து இஞ்ச இருங்க. நான் இவியகிட்ட சொல்லிட்டிருக்கதை நீங்களும் கேளுங்க.”

ஊசியில் கூர் எந்தப் பக்கம் என்று கிண்டலடித்த மனுஷன், கைக்குழந்தைகளுக்கு நடுவே, முட்டி மடங்காமல் தரையில் உட்கார்ந்து, குளிரில் மருந்து எப்படிக் கெடும் என்று முழுப் பாடமும் கேட்டான். உப்பு விஷயம் வந்தபோது மட்டும், “மீனுக்கு அதாக்கும் நல்லது” என்று மெல்ல முனகினான். ஒரு குழந்தை அவன் மீசையைப் பிடித்து இழுத்தது. தண்டனை போதும் என்று எல்லோரும் விட்டுவிட்டோம்.

ஜீப்பில் புதுப் பெட்டி வந்தது. மைனி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். இந்த முறை எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். “முதல்ல ஆரு?” என்று கேட்டு முடிப்பதற்குள் ஷைனி எழுந்துவிட்டாள். குழந்தை வீறிட்டது. ஷைனியும் அழுதாள். மைனி குழந்தையின் தொடையை அழுத்தித் தேய்க்காமல் பஞ்சை மட்டும் வைத்துப் பிடித்துக்கொண்டு, “தீந்துது, தீந்துது” என்று இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும் என்பது முறை. அந்த அரைமணியில் நான் யோசித்தேன். டிரெய்னிங்கில் யாரும் ‘உன் புருஷன் பெட்டிக்குள் மீன் ஐஸ் போட்டால் என்ன செய்வாய்?’ என்று சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். கிளாஸில் கேட்டிருந்தால் எல்லோரும் சேர்ந்து சரியான பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். கிளாஸில் யார்தான் தப்புச் சொல்கிறார்கள்? ஆனால் எதிரே தாய்மார்கள் உட்கார்ந்திருக்க, பெட்டியை விட்டுப்போன வெட்கம் ஒரு பக்கம் பிடுங்க, அந்தப் பதில் கைக்கு வர வேண்டுமே! திரும்பத் திரும்பக் கூப்பிட்டு உட்காரவைப்பது அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. இனி மைனி டிரெய்னிங் போகிற நாளெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்கு என் ஸ்கூட்டர்தான்.

அரைமணி முடிந்தது. குழந்தை தூங்கிவிட்டது. காய்ச்சல் வந்தால் என்ன செய்யணும், வீங்கினால் யாரைக் கூப்பிடணும் என்று மைனி சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஷைனி கிளம்பினாள். ஆட்டோவில் ஒரு காலை வைத்தவள், இறங்கித் திரும்பி வந்தாள்.

“சிஸ்டரே... மூத்தவனுக்கும் நெறைய ஊசி விட்டுப் போச்சே. அடுத்த புதனாழ்ச்ச அவனையும் கொண்டு வரட்டா? நீங்க மேட்டுக்கு வராண்டாம். நானே வாறேன்.”

“கொண்டு வா மக்கா” என்றார் மைனி. உடனே திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்த மேஜையை இன்னொரு முறை துடைக்க ஆரம்பித்தார்.

இவ்வளவு நேரமும் வெளியே காத்துக் கிடந்த ஆட்டோக்காரர் வெளியூர்க்காரர். என்னிடம் மெல்லக் கேட்டார்: “அந்த சிஸ்டர் ஆராக்கும்?”

“எனக்க மைனியாக்கும்!” என்றேன்.

அண்ணன் குரலுக்கு நான் ஒன்றும் குறைந்தவள் இல்லை. களியக்காவிளை வரைக்கும் கேட்டிருக்கும்.